கவுண்டரில் கூப்பிட்ட பெயர்

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு எச்.ஐ.வி. கிளினிக்கின் பதிவு கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் கறுப்பினத் திருநங்கை ஒருவர் வந்தார். அந்த மாதத்து மாத்திரையை அன்று காலைதான் வாங்கியதாகவும், அடுத்த மாதத்துக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய முறை வந்தபோது, இன்சூரன்ஸ் அட்டையில் இருந்த ஆண் பெயரை ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து வெளியே போனவர்தான், பிறகு வரவே இல்லை. கூட வேலை செய்பவர், "இவர்கள் எப்போதும் இப்படித்தான். மருந்தும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள். அதனால்தான் இவ்வளவு எச்.ஐ.வி." என்கிறார். என் கணவரோ, இந்த வேலையே வேண்டாம், நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாய் என்கிறார். இரவில் தூக்கம் வரவில்லை. நான் செய்தது அவ்வளவு பெரிய தவறா? ஏன் இவர்களுக்கு இவ்வளவு நோய்? இப்போது நான் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் அவரை யாரென்று காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்கள் இரண்டு மூன்று இருந்தன. அவற்றை நீக்கிவிட்டேன். இனி யாருக்கு எழுதினாலும், வீட்டில் பேசினாலும், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உங்கள் கணவருக்கான பதில் சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. தொட்டால் ஒட்டாது. பேனா, நாற்காலி, காபிக் கோப்பை, இருமல், எதிலும் வராது. கவுண்டரில் உட்கார்ந்து அட்டை வாங்கிப் பதிவு செய்கிறவருக்கு அந்த வேலையால் தொற்று வர வழியே இல்லை. அதோடு, ஒழுங்காக மருந்து எடுத்து, பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவின் மூலமாகக்கூட இன்னொருவருக்குப் பரவாது. ஆயிரக்கணக்கான தம்பதிகளையும் இணையர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து உறுதி செய்த உண்மை இது. உங்கள் கணவரைக் கிளினிக்குக்கே ஒருநாள் கூட்டி வந்து செவிலியரோடு பேச வையுங்கள். பயம் தெளிந்துவிடும்.

சரி, உங்கள் முதல் கேள்வி. நீங்கள் செய்தது தவறுதான். வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிய வழியில்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரைப் பள்ளியில் கேலி செய்திருப்பார்கள். வீட்டை விட்டுத் துரத்தியபோது சொன்ன பெயரும் அதுவாக இருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த ஒரு அறையில், அதுவும் எச்.ஐ.வி. கிளினிக்கில், அதை உரக்கச் சொல்வது அவரைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்திக் காட்டுவது போலத்தான். வெளியே போனபின் பஸ் நிறுத்தம்வரை யாராவது பின்தொடர்ந்து வருவார்களோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அது வெறும் கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் கொல்லப்படும் மாற்றுப்பாலினத்தவரில் கறுப்பினத் திருநங்கையர்தான் பெரும்பகுதி.

"பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே" என்றும் கூட வேலை செய்யும் உங்கள் தோழி சொல்லக்கூடும். ஜார்ஜியாவில் பெயரை மாற்ற மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், பிறகு நான்கு வாரம் தொடர்ந்து செய்தித்தாளில் பழைய பெயரையும் புதிய பெயரையும் விளம்பரம் செய்ய வேண்டும். திருநங்கை என்று ஊருக்குத் தெரிந்தால் வேலையும் வாடகை வீடும் போய்விடும் என்று அஞ்சுகிறவர், தன் கைக்காசைக் கொடுத்துத் தன்னைப் பற்றிப் பேப்பரில் போடுவாரா? அதனால்தான் அந்த அட்டையில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

இப்போது உங்கள் தோழி சொன்னதற்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் நான் அதிக நேரம் செலவிட விரும்புவது இதில்தான். "இவர்கள் இப்படித்தான்" என்ற பேச்சை நான் டாக்டர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2019-2020இல் ஏழு நகரங்களில் 1,608 திருநங்கையரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. உங்கள் அட்லாண்டாவும் அந்த ஏழில் ஒன்று. பரிசோதித்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. கறுப்பினத் திருநங்கையரை மட்டும் எடுத்தால் 62 சதவீதம். அதே ஆய்வில் வெள்ளையினத் திருநங்கையரிடம் 17 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் திருநங்கையர்தான், உடலும் ஹார்மோனும் வேறு இல்லை. திருநங்கையாக இருப்பதுதான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கூடவே ஓர் எச்சரிக்கை. நாட்டிலுள்ள எல்லாக் கறுப்பினத் திருநங்கையருக்கும் 62 சதவீதம் என்று இதைப் படிக்கக் கூடாது. பெருநகரங்களில், ஒருவர் மூலம் இன்னொருவர் என்று தேடிப் பிடித்துச் சேர்த்த ஆய்வு இது. சேர்ந்தவர்களில் 63 சதவீதம் பேர் வறுமைக் கோட்டிலோ அதற்குக் கீழேயோ இருந்தார்கள். 42 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் வீடில்லாமல் இருந்திருக்கிறார்கள். 2015இல் இணையம் வழியே நாடு முழுக்க நடத்திய பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், தமக்கு எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்ன கறுப்பினத் திருநங்கையர் 19 சதவீதம். இரண்டும் பொய்யில்லை. தெருவுக்கும் பசிக்கும் பக்கத்தில் போகப் போக எண் ஏறுகிறது என்பதைத்தான் இரண்டும் சேர்ந்து சொல்கின்றன. எனவே அடுத்த முறை ஒரு கறுப்பினத் திருநங்கை உங்கள் முன் வந்து நின்றால் அவரை ஒரு சதவீதமாகப் பார்க்காதீர்கள்.

எப்படி ஏறுகிறது என்று கேட்டால், வாழ்க்கையின் ஒரே ஓட்டமாகத்தான் சொல்ல முடியும். பதினாறு, பதினேழு வயதில் வீட்டை விட்டு வெளியே. படிப்பு அத்தோடு நின்றுவிடும். கடையில் வேலை கேட்டால் தோலைப் பார்த்து ஒரு முறை யோசிப்பார்கள், அடையாள அட்டையைப் பார்த்து இன்னொரு முறை யோசிப்பார்கள். திருநங்கை என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவது மத்தியச் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே 2020 ஜூனில்தான். அந்த வழக்கின் பெயரிலேயே இருக்கும் கிளேட்டன் கவுண்டி உங்கள் ஊர்ப் பக்கம்தான். அதற்கு முன் ஜார்ஜியாவில் தனியார் வேலைக்கு அந்தப் பாதுகாப்பைத் தரும் மாநிலச் சட்டம் இருக்கவில்லை. இரவு தங்க வீடற்றோர் ஷெல்டருக்குப் போனால் ஆண்கள் பக்கம் அனுப்புவார்கள். அங்கே படுப்பதைவிடத் தெருவே மேல் என்று பலர் வெளியே வந்துவிடுகிறார்கள். அப்புறம் மிஞ்சுவது பாலியல் தொழில். அங்கே ஆணுறை வேண்டாம் என்கிறவன் கூடுதல் பணம் தருவான். அன்று இரவு மோட்டல் வாடகை கட்ட வேண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இதில் போலீஸின் பங்கையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க், வாஷிங்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் கைப்பையில் ஆணுறை வைத்திருப்பதையே பாலியல் தொழிலுக்குச் சாட்சியாகப் போலீஸ் எடுத்துக்கொண்டதை மனித உரிமை அமைப்பு ஒன்று 2012இல் விரிவாக ஆவணப்படுத்தியது. ஒரு கையால் சுகாதாரத் துறை இலவசமாக ஆணுறை கொடுத்தது, மறு கையால் போலீஸ் அதைப் பிடுங்கி வழக்குப் போட்டது. பெண்கள் ஆணுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போனார்கள். நியூயார்க்கில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தெருவில் 'சும்மா திரிவதற்கே' கைது செய்ய இடம் கொடுத்தது. சாதாரணமாக நடந்து போன கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளித் திருநங்கையர் அதில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரியில்தான் அதை நீக்கினார்கள். உங்கள் பக்கத்து மாநிலமான டென்னஸியில் நிலைமை இன்னும் மோசம். எச்.ஐ.வி. உள்ளவர் பாலியல் தொழிலில் பிடிபட்டால் அது பெருங்குற்றம், அதோடு வாழ்நாள் முழுவதும் வன்முறைப் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் என்று வைத்திருந்தார்கள். 2024இல் மத்திய அரசின் நீதித் துறை வழக்குப் போட்ட பிறகுதான் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வர வழி பிறந்தது. தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் இத்தனை தண்டனை என்றிருக்கும் இடத்தில், யார் தைரியமாகப் பரிசோதனைக்கு வருவார்கள்?

இத்தனைக்கும் பிறகு ஒருவர் கிளினிக் வாசலுக்கு வருகிறார். அங்கே என்ன நடக்கிறது?

டைரா ஹண்டர் என்ற பெயரை அந்தச் சமூகத்தில் மூத்தவர்கள் மறப்பதில்லை. வாஷிங்டனில் முடி அலங்காரத் தொழில் செய்த கறுப்பினத் திருநங்கை. 1995 ஆகஸ்டில் கார் விபத்தில் படுகாயம் அடைந்தபோது வயது 24. உதவிக்கு வந்த அவசர ஊழியர், காயம் பார்க்க உடையைக் கத்தரித்தபோது அவர் திருநங்கை என்று தெரிந்து, சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கேவலமாகப் பேசிச் சிரித்ததாகச் சுற்றி நின்றவர்கள் சாட்சி சொன்னார்கள். மருத்துவமனையில் அவர் இறந்துபோனார். அவருடைய தாயார் வழக்குத் தொடுத்தார். 1998இல் நடுவர் குழு 29 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. வெள்ளைக் கோட்டைக் கண்டால் இவர்களுக்கு ஏன் நம்பிக்கை வருவதில்லை என்று கேட்பவர்களிடம் நான் இந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன். கறுப்பினத்தவருக்கு அதற்கு முன்பே டஸ்கீகி இருக்கிறது. 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு மருந்து கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்கமே நாற்பது ஆண்டு வேடிக்கை பார்த்தது. உங்கள் பக்கத்து மாநிலமான அலபாமாவில் நடந்தது அது.

என் கதையும் ஒன்று உண்டு. மருத்துவப் பயிற்சிக் காலத்தில், தென் மாநில மருத்துவமனை ஒன்றில், நிமோனியாவோடு வந்த கறுப்பினத் திருநங்கை ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். எச்.ஐ.வி. முற்றிய நிலையில் வருகிற நிமோனியா. எங்கள் மூத்த மருத்துவர், பார்க்கத் தேவையே இல்லாத ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, போர்வையை விலக்கிக் காட்டினார். ஆறு பேர் நின்றோம். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை அந்தப் படுக்கை காலி. ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு இரவோடு இரவாகப் போய்விட்டார். 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினோம். அவர் வெளியேறவில்லை, நாங்கள்தான் வெளியேற்றினோம். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

"மருந்து ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள்" என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது, இது டாக்டர்கள் பலருக்கே தெரியாது. பல திருநங்கையர் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்துவது சோம்பலால் இல்லை, அது தங்கள் ஹார்மோனைக் கெடுத்துவிடுமோ என்ற பயத்தால். முகம், தோல், உருவம் என்று தன்னைத் தானாக உணர வைப்பது அந்த ஹார்மோன். இரண்டில் ஒன்றுதான் என்றால் மாத்திரையைத்தான் விடுவார்கள். உண்மையில் இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் டொலுடெக்ராவிர், பிக்டெக்ராவிர் போன்ற மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜனோடு மோதுவதில்லை. ஹார்மோன் அளவைப் பாதிக்கக்கூடிய சில பழைய கூட்டு மருந்துகளை மாற்றிக் கொடுக்கவும் முடியும். இதை உட்கார்ந்து இரண்டு நிமிடம் விளக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தொற்று வராமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரையின் கதையும் அப்படியே. அதன் முக்கியமான முதல் ஆய்வு 2010இல் வெளியானபோது, அதில் திருநங்கையரும் இருந்தும், தலைப்பில் 'ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்' என்று மட்டுமே எழுதினார்கள். 2,499 பேரில் திருநங்கையரான 339 பேரைச் சில ஆண்டுகள் கழித்துத்தான் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தொற்று வந்த திருநங்கையர் யாருடைய இரத்தத்திலும் அந்தச் சமயத்தில் மருந்து இல்லை. அதாவது, மருந்து தோற்கவில்லை, மருந்து அவர்களிடம் போய்ச் சேரவில்லை. சி.டி.சி.யின் ஏழு நகர ஆய்விலும் ப்ரெப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் 92 சதவீதம், தொற்று இல்லாதவர்களில் அதைப் பயன்படுத்தியவர்கள் 32 சதவீதம். அறியாமை என்று இதைச் சொல்ல முடியுமா? இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்றுகூட வந்துவிட்டது. ஆறு மாத ஊசிக்கு 2025 ஜூனில் அனுமதி கிடைத்தது. பையில் மாத்திரை டப்பா வைத்துக்கொள்ள இடமில்லாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் ஊசி போட்டுக்கொள்ளவும் யாராவது ஒருவருடைய கவுண்டரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

அவர்களாகவே கட்டிக்கொண்ட ஓர் ஏற்பாடு உண்டு. உங்களுக்கு அது சுலபமாகப் புரியும். நம் ஊரில் திருநங்கையர் ஜமாத்தில் அம்மா, மகள் என்று உறவுமுறை இருக்கிறதல்லவா? அங்கே கறுப்பின, லத்தீனச் சமூகங்களின் பால்ரூம் என்ற நடன, அலங்காரப் போட்டிக் கூட்டங்களில் 'ஹவுஸ்' என்று குடும்பம் குடும்பமாகச் சேர்ந்திருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு 'மதர்' இருப்பார். 1970களில் கிரிஸ்டல் லபேஜா தொடங்கி வைத்த மரபு. எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த காலத்தில், பெற்றவர்கள் கைவிட்டவர்களுக்குக் கஞ்சி ஊட்டியதும் அடக்கம் செய்ததும் இந்தத் தாய்மார்தான். மிஸ் மேஜர் கிரிஃபின்-கிரேசி என்ற கறுப்பினத் திருநங்கை தெருவில் இருந்தவர்களையும் சிறையில் இருந்தவர்களையும் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டு பல பத்தாண்டு உழைத்தார், 2025இல் காலமானார். எனவே படிவத்தில் 'அவசரத் தொடர்பு: அம்மா' என்று எழுதியிருந்து, பெயரும் இனமும் பொருந்தாவிட்டால், "உண்மையான அம்மாவா?" என்று கேட்காதீர்கள். உண்மையான அம்மாதான்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஹாலில் யாரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். குடும்பப் பெயரோ டோக்கன் எண்ணோ போதும், எல்லோருக்குமே அது நல்லது. பதிவின்போது, "உங்களை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். திருநங்கை என்று உங்களுக்குத் தோன்றுகிறவரிடம் மட்டும் கேட்டால் அதுவே சுட்டிக்காட்டுவதாகிவிடும். கணினியில் அதற்குத் தனி இடம் இருந்தால் நிரப்புங்கள், மருந்துச் சீட்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் மட்டும் சட்டப் பெயர் போகட்டும். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஆண், பெண் என இரண்டே பாலினம் என்று உத்தரவு போட்டு, சி.டி.சி. தளத்தில் இருந்த மாற்றுப்பாலினத்தவர் பற்றிய பக்கங்களை எடுத்ததும், நீதிமன்றம் தலையிட்டுத் திரும்பப் போட வைத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒருவரை அவருடைய பெயரால் கூப்பிடுவதற்குப் படிவத்தில் கட்டம் வேண்டியதில்லை. தமிழில் 'அவர்' என்று சொல்லிச் சமாளித்துவிடலாம், ஆங்கிலத்தில் 'ஹி', 'ஷி' என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். நாக்கு தவறினால் உடனே திருத்தி, ஒரே ஒரு 'சாரி' சொல்லி, வேலையைத் தொடருங்கள். நீளமாக அழுது புலம்பினால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும்.

அவரை உங்கள் சொந்த போனிலோ ஃபேஸ்புக்கிலோ தேடாதீர்கள். அது நோயாளியின் அந்தரங்கச் சட்டத்தை மீறுவதாகிவிடலாம், அவருக்கும் பயமாக இருக்கும். உங்கள் மேலதிகாரியிடமும், அந்த நோயாளியின் சிகிச்சை ஏற்பாடுகளைக் கவனிக்கும் கேஸ் மேனேஜரிடமும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், "பெயரைத் தவறாகக் கூப்பிட்டது நான்தான்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'தானாக வராமல் போனவர்' என்றுதான் கோப்பில் ஏறும். கேஸ் மேனேஜர் அழைக்கும்போது கிளினிக் பெயரை வாய்ஸ்மெயிலில் விட வேண்டாம், அவர் வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லி, நடந்ததற்கு வருந்துகிறோம், வேறு நேரத்தில் நேராக உள்ளே வரலாம் என்று சொன்னால் போதும். பஸ் சீட்டுக்கு வழி உண்டா என்றும் கேட்டுவையுங்கள். உங்களைப் போன்ற கிளினிக்குகள் பலவற்றுக்குப் பணம் வருவது, 1990இல் ரையன் ஒயிட் என்ற சிறுவனின் பெயரால் வந்த சட்டத்திலிருந்து. எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் பள்ளிக்கூடம் உள்ளே விடாத சிறுவன் அவன். அந்தப் பணத்தில் போக்குவரத்து உதவிக்கும் இடமுண்டு.

அவர் திரும்ப வந்தால், நீங்களே எழுந்து போய், மெதுவாக, அவருடைய பெயரைச் சொல்லி வரவேற்று, அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை.

ஒரு மாத மாத்திரையை அன்று காலை வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். மூன்று வாரம் போய்விட்டது. அப்படியானால் நீங்கள் எழுதிய நாளில் அவர் கையில் இருந்தது ஒன்பது நாள் மாத்திரை. நிறுத்திவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வைரஸ் பெரும்பாலும் மறுபடி தலைதூக்கிவிடும். அதனால்தான் இந்தக் கடைசிப் பத்திகளை மட்டும் அச்சுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே உங்களுக்குத் தனியாக அனுப்பினேன். கேஸ் மேனேஜரிடம் இன்னும் பேசவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் போனை எடுங்கள்.